மொத்தம் ஒன்றெனக் கொள்க

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதை நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று அத்தான் புகார் சொன்னார். நான் சொன்னால் மட்டும் கேட்கவா போகிறாய்?

காகிதத்தில் எழுதுகிறேன் என்று சிரிக்காதே. முடிவு வெளியாகும்வரை அலுவலக மின்னஞ்சல்களை யாரோ படிக்கிறார்களாம். போனில் பேசினால் நீ பாதியில் மறித்து மூன்று கேள்வி கேட்பாய். கடிதத்தில்தான் உன்னைப் பேசவிடாமல் பேச முடியும்.

வேலை தலைக்கு மேல். ஆறு வருடமாக எண்ணிய பதினான்கு கோடி விண்மீன் திரள்களும் எங்கள் மூன்றாம் மாடியில் கோப்புகளாகக் கிடக்கின்றன. எது எவ்வளவு தூரத்தில் என்ற பட்டியலைத் தயாரிப்பது என் பிரிவு. பிரபஞ்சம் பற்றிய பழைய கோட்பாட்டிலிருந்து இவை எவ்வளவு விலகுகின்றன என்ற இறுதி விடையை மட்டும் மூடி வைத்திருக்கிறோம். விடை தெரிந்துவிட்டால் மனசு அதற்கேற்றபடி கணக்கை வளைக்கும் அல்லவா? மார்ச் 28 அன்றுதான் திறப்பு. அதுவரை யார் எந்தக் கோப்பைத் தொடுகிறார்கள் என்ற நுழைவுப் பதிவேடும் என் பொறுப்பு.

நொட்டை சார் இன்னும் இங்கேதான் இருக்கிறார். நீ இங்கே வேலை பார்த்த காலத்தில் எப்படிக் குற்றம் கண்டுபிடிப்பாரோ, அப்படியே. நேற்று காபி இயந்திரத்தின் முன் நின்று, "சர்க்கரைன்னு எழுதியிருக்கே, இந்தப் பட்டனுக்கு ஆதாரம் என்னம்மா?" என்றார். அமுக்கிப் பார்த்தால் சர்க்கரை வரவில்லை. மனிதருக்கு ஒரே சந்தோஷம்.

ஒரு சின்னக் கேள்வி. நீ எழுதிய பிழைக் கணிப்பு நிரலைத்தான் இன்னும் ஓட்டுகிறோம். அதற்குக் கொடுக்கும் தூரப் பரவலின் மொத்தம் ஒன்றாக இல்லாவிட்டால், நிரல் தானே வகுத்து ஒன்றாக்கிக்கொள்ளுமா? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

ஒத்தடம் கொடு. படி ஏறாதே.

உன் தங்கை

ஜனவரி 19

அன்புத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. வகுப்பறை இரண்டாம் மாடியில் இருக்கும்வரை படி ஏறித்தான் ஆகவேண்டும். மகளுக்குத் தேர்வு எப்படிப் போகிறது? மாப்பிள்ளையின் இருமல் நின்றதா?

உன் கேள்விக்கு விடை: ஆக்கிக்கொள்ளாது. விடையைக் கணிக்கும் நிரல் வேறொருவர் எழுதியது. அதற்கு எதைக் கொடுத்தாலும் சத்தமில்லாமல் மொத்தத்தால் வகுத்து ஒன்றாக்கிவிடும். என்னுடைய நிரல் அந்த உபகாரத்தைச் செய்வதில்லை. பரவல் என்பது பங்கு பிரிப்பு: மொத்தத் திரள்களில் எத்தனை பங்கு அருகில், எத்தனை பங்கு தொலைவில் என்பது. எல்லாப் பங்கையும் கூட்டினால் முழுசாக ஒன்று வரவேண்டும். கொடுப்பவர் அப்படித்தான் கொடுப்பார் என்று என் நிரல் நம்பும். வராவிட்டால் ஓடாமல் நின்றுவிடும்படி ஒரு வரி எழுதியிருந்தேன்.

நீ சும்மா கேட்ட கேள்வி எதுவும் இதுவரை சும்மாவாக இருந்ததில்லை. எதற்குக் கேட்டாய்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். இருமல் நின்றது, இருமல் மருந்தின் மேல் இருக்கும் ஆசைதான் நிற்கவில்லை. மகள் தேர்வில் தேறிவிட்டாள். நீ எப்படி இருக்கிறாய்?

நல்ல செய்தி. உன் நிரல் நான்கு நாள் ஓடி முடிந்தது. எங்கேயும் நிற்கவில்லை. ஆகவே நீ கவலைப்பட ஒன்றுமில்லை.

போன வாரக் கூட்டத்தில் நொட்டை சார் வழக்கம்போல. விடையை மறைத்துவிட்டு, அது எவ்வளவு பிசகலாம் என்று காட்டும் பிழைக்கோட்டை மட்டும் திரையில் போட்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"பிழைக்கோடு ஏன் இவ்வளவு ஒல்லியா இருக்கு? யாரும் சோறு போடலையா?"

இயக்குநர் சிரித்துக்கொண்டே, "மெலிஞ்சிருந்தா நல்லதுதானே சார்? கணக்கு அவ்வளவு துல்லியம்னு அர்த்தம்" என்றார்.

"மெலிஞ்சவன் ஆரோக்கியமா இருக்கானா, சீக்காளியான்னு பாத்துட்டு அப்புறம் மெச்சிக்கலாமே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அவர் மட்டும் உட்காராமல் என்னைப் பார்த்து, "தூரக் கோப்பு உன்னோடதுதானேம்மா? ஒருதரம் கூட்டிப் பாத்துடேன்" என்றார். எத்தனை பேர் முன்னால்! எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

புதிதாகத் தலைமைச் சரிபார்ப்பாளர் என்று ஒரு பதவி வரப்போகிறது. என் பெயர் அடிபடுகிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை, நீயும் அத்தானிடம் உளறிவிடாதே.

முட்டிக்கு உறை போட்டுக்கொண்டு நட.

உன் தங்கை

பிப்ரவரி 22

அன்புத் தங்கைக்கு,

நலம். மகளுக்கு என் வாழ்த்தைச் சொல். பதவி கிடைத்தால் மகிழ்வேன்.

எதற்குக் கேட்டாய் என்று கேட்டிருந்தேன். அதற்குப் பதில் இல்லை.

நிரல் நிற்கவில்லை என்பதைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதே. ஏன் என்பதைப் பிறகு எழுதுகிறேன். இப்போது அவர் சொன்னதைச் செய். கோப்பைக் கூட்டிப் பார். ஐந்து நிமிட வேலை. அந்த எண்ணை எனக்கு எழுது.

இது ஏன் சின்ன விஷயமில்லை என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். பிழையைக் கணக்கிடும்போது அந்தப் பரவல் நான்கு முறை தன்னோடு பெருகுகிறது. மொத்தம் ஒன்றென்றால் நான்கு முறை பெருக்கினாலும் ஒன்றுதான். கொஞ்சம் குறைந்தால், ஒவ்வொரு பெருக்கலிலும் குறை ஏறும். விடைக்கான நிரலோ அந்தக் குறையைத் தானே நிரப்பிக்கொள்ளும். விடை முழு உயரத்தில் நிற்கும், பிழை மட்டும் சுருங்கும். பார்ப்பவர்களுக்கு அது கண்டுபிடிப்புப் போலத் தெரியும்.

தொலைவில் இருக்கும் மங்கலான திரள்கள் நம்பத்தகுந்தவையல்ல என்று யாராவது பின்னால் வெட்டினார்களா? வெட்டினால் தவறில்லை. வெட்டிய பிறகு மறுபடி வகுத்தார்களா?

பனி இன்னும் விடவில்லை. காலில் ஈரம் படாமல் பார்த்துக்கொள்.

அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னித்துவிடு, இங்கே மூச்சுவிட நேரமில்லை.

மொத்தம் ஒன்று. பார்த்துவிட்டேன்.

நொட்டை சாரை அடித்தளத்துக்கு மாற்றிவிட்டார்கள். பழைய பதிவு நாடாக்கள் அடுக்கியிருக்கும் அறை. மூடிய கோப்புறைக்குள் அவர் பெயரில் நுழைவு இருந்தது. பிழையைத் தனியாகக் கணக்கிட்டுப் பார்க்கக் கோப்பை எடுத்தேன், விடையைப் பார்க்கவில்லை என்கிறார். இருக்கலாம். விதி எல்லோருக்கும் ஒன்றுதானே.

அறையில் குளிர் அதிகம் என்று மேலே வந்து சால்வை கேட்டார். என்னுடையதைக் கொடுத்தேன்.

உன் உடம்பு?

தங்கை

மார்ச் 19

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான் கேட்டது ஓர் எண். நீ தந்திருப்பது ஒரு சொல். கூட்டிப் பார்த்தவள் 1.0002 என்றோ 0.9997 என்றோ எழுதியிருப்பாய். உன்னை எனக்கு நாற்பத்தைந்து வருடமாகத் தெரியும்.

உங்கள் இடைக்கால அறிக்கை எங்கள் கல்லூரி நூலகத்துக்கும் வருகிறது. அதில் ஐந்தாவது படம் தூரப் பரவல். மங்கல் திரள்களைச் சேர்த்தால் புள்ளிக்கோடு, வெட்டிய பிறகு முழுக்கோடு. அதைப் பெரிதாக்கிக் கெட்டி அட்டையில் அச்செடுத்தேன். கத்தரியால் கோட்டை ஒட்டி வெட்டி, வேதியியல் ஆய்வகத் தராசில் நிறுத்தேன். ஆய்வகப் பணியாளர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "மேடம், பழைய பேப்பர்காரன்கிட்டயே நிறுத்திருக்கலாமே, இவ்வளவு கம்மியா வாங்கமாட்டான்" என்றார். புள்ளிக்கோட்டு அட்டை 3.12 கிராம். முழுக்கோட்டு அட்டை 2.62. இரண்டு பிரதி எடுத்துப் பார்த்தேன். சிறியதைப் பெரியதால் வகுத்தால் 0.84.

வெட்டிய பிறகு மறுபடி ஒன்றாக்கியிருந்தால் மீதிக் கோடு உயர்ந்திருக்கவேண்டும். இம்மியும் உயரவில்லை. 0.84-ஐ நான்கு முறை பெருக்கினால் ஏறக்குறைய பாதி. பிழைக்கோடு அதன் வர்க்கமூலம், அதனால் பத்துக்கு மூன்று பங்கு குட்டை. பழைய கோட்பாட்டிலிருந்து பிழைக்கோட்டைப் போல் ஐந்து மடங்கு விலகல் என்று நாளைக்கு நீங்கள் கொண்டாடினால், அது உண்மையில் மூன்றரைதான். மூன்றரைக்கு யாரும் மேடை போடுவதில்லை.

படத்தின் கீழே, தயாரித்தவர் என்ற இடத்தில் உன் பெயர் இருக்கிறது.

இனி என் பங்கு. நிரல் நின்றுவிடும் என்று ஜனவரியில் எழுதினேன். எழுதும்போதே அது முழு உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். அங்கே என் கடைசி வருடத்தில் அது அடிக்கடி நிற்கிறது, வேலை கெடுகிறது என்று எல்லோரும் முணுமுணுத்தார்கள். நிறுத்தும் வரியை நான்தான் எடுத்தேன். பதிலுக்கு எச்சரிக்கைக் கோப்பில் ஒரு வரி எழுதும்படி செய்தேன். அந்தக் கோப்பில் ஓர் ஓட்டத்துக்கு நாற்பதாயிரம் வரி விழும். யாரும் படிக்கமாட்டார்கள் என்று தெரிந்தே செய்தேன். உன்னிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆகவே முதல் தவறு என்னுடையது. இரண்டாவது, அவசரத்தில் யாருக்கும் நேரக்கூடியது. மூன்றாவதை நீ செய்யாதே.

28-க்கு முன்னால் சொல். மூடியிருக்கும்வரை இது திருத்தம். திறந்த பிறகு அதற்கு வேறு பெயர். நொட்டை சாரையும் அந்த அறையிலிருந்து வெளியே கொண்டுவா.

கடிதத்தை விரைவுத் தபாலில் சேர்க்கிறேன். பயப்படாதே, உன் பக்கத்தில் நான் இருப்பேன்.

அக்கா

ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் மாதக் கடைசியில்தான் கைக்கு வந்தது.

திறப்பு நன்றாக நடந்தது. அரங்கு நிறைந்திருந்தது. குடும்பத்தை அழைக்கலாம் என்றார்கள், மகள் வந்திருந்தாள். இயக்குநர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டுப் பொத்தானை அழுத்தினார். திரையில் 5.1. பிறகு கூரை பிய்ந்துகொண்டு போவதுபோல் கைதட்டல். என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மகள் எழுந்து நின்று கைதட்டினாள். பதினேழு வயசில் அவள் எனக்காகக் கைதட்டியது அதுதான் முதல் தடவை.

நொட்டை சார் கடைசி வரிசையில் என் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே வரும்போது வாசலில் நின்றார். "வாழ்த்துகள்மா" என்றார். அப்புறம் மெதுவாக, "என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்றார். மகள் பக்கத்தில் இருந்தாள்.

திறந்த பிறகு எதையும் மாற்றக்கூடாது என்பதுதான் விதி. நீயே அந்த விதியை வரைந்தவர்களில் ஒருத்தி. இப்போது யார் எதைத் தொட்டாலும், விடை பிடிக்காமல் கலைக்கிறார்கள் என்றுதான் சொல்வார்கள்.

முழங்காலுக்கு நல்ல மருத்துவர் ஒருவர் இங்கே இருக்கிறார். ஒருமுறை வந்து காட்டேன்.

உன் தங்கை

ஏப்ரல் 18

தங்கைக்கு,

நலம். மருத்துவரைப் பிறகு பார்க்கலாம்.

விரைவுத் தபாலின் ஒப்புகைச் சீட்டு என்னிடம் இருக்கிறது. மார்ச் 22-ஆம் தேதி கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்கள். கையெழுத்து உன்னுடையது.

நொட்டை சார் கேட்டதை எழுதினாய். நீ என்ன சொன்னாய் என்று எழுதவில்லை. அவர் கோப்புறைக்குள் நுழைந்ததை மேலிடத்தில் சொன்னது யார் என்றும் எழுதவில்லை. பதிவேடு யார் பொறுப்பு என்பதை மட்டும் ஜனவரியிலேயே எழுதிவிட்டாய்.

கலைக்கிறார்கள் என்று சொல்வார்கள்தான். சொல்லட்டும். வெளியீட்டுக்கு முன் நீயாக ஒரு பக்கம் எழுதி இயக்குநரிடம் கொடு. என் பெயரை முதலில் போட்டு எழுது. மே கடைசிவரை பொறுத்திருப்பேன். அதற்குப் பிறகு நான் எழுதுவேன்.

சாப்பாட்டை விட்டுவிடாதே.

அக்கா

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலமாக இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்கவேண்டும்.

பதவி வந்துவிட்டது. தனி அறை, இரண்டு ஜன்னல். திரைச்சீலை எந்த நிறம் என்று கேட்டார்கள், இளநீலம் சொன்னேன். மகளுக்கு வானியல் படிக்கவேண்டுமாம். அன்றைக்கு அந்த அரங்கில் முடிவு செய்துவிட்டாளாம். அவள் அப்பா, "உங்க குடும்பத்துல ரெண்டு பேர் வானத்தைப் பாத்தது போதாதா, வீட்டு ஒட்டடையை யார் பாக்கறது?" என்கிறார். இருவருக்கும் இரண்டு நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை.

நொட்டை சார் விருப்ப ஓய்வில் போய்விட்டார். வழியனுப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். சால்வையைத் துவைத்து மடித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது. வாழ்த்துகள் குவிகின்றன.

உன் கடிதங்களை எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும்.

உன் தங்கை

மே 27

தங்கைக்கு,

மகளின் ஆசை நிறைவேறட்டும்.

இன்று காலை உங்கள் இயக்குநருக்குக் கடிதம் அனுப்பினேன். அட்டைகளின் எடை, 0.84, நான் எடுத்துவிட்ட வரி, எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். கோப்பை மறுபடி கூட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வெட்டியது யார் என்று எழுதவில்லை. நகலை இதோடு வைத்திருக்கிறேன். உனக்குத் தெரியாமல் செய்தேன் என்று இருக்கக்கூடாது.

அக்கா

ஜூலை 8

தலைமைச் சரிபார்ப்பாளர் அலுவலகம்

பொருள்: பிழைக் கணிப்பு நிரலின் உள்ளீடு குறித்த புகார் – பதில் அளித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. இயக்குநருக்குத் தாங்கள் எழுதிய மே 27 நாளிட்ட கடிதம். 2. தங்கள் கைப்பட எழுதப்பட்ட மார்ச் 19 நாளிட்ட கடிதம்.

அம்மையீர்,

பார்வை 1-இல் காணும் கடிதம், உரிய நடவடிக்கைக்காக இயக்குநரால் இவ்வலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது. அது கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது.

தாங்கள் குறிப்பிடும் தூரக் கோப்பின் முந்தைய வடிவம், பேணல் காலம் முடிவுற்றதால் ஜூன் 3 அன்று நீக்கப்பட்டுவிட்டது. எனவே அதைக் கூட்டிப் பார்க்க இயலவில்லை. அறிக்கையின் ஐந்தாவது படம் விளக்கத்துக்காக மட்டும் வரையப்பட்டது. அட்டையை நிறுத்துப் பெற்ற அளவுகளை ஏற்க நெறிமுறைகளில் இடமில்லை.

நிரலின் நிறுத்தச் சோதனையைத் தாங்களே நீக்கியதைப் பார்வை 2-இல் ஒப்புக்கொண்டுள்ளீர்கள். பின்னாளில் குறை ஏதேனும் வெளிப்பட்டால் அதற்கான பொறுப்பு தங்களைச் சாரும் என்பதற்கான படிவம் இணைக்கப்பட்டுள்ளது. கையொப்பமிட்டுப் பதினைந்து நாட்களுக்குள் திருப்பி அனுப்புமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.

தங்கள் உண்மையுள்ள,
தலைமைச் சரிபார்ப்பாளர்

ஜூலை 15

தங்கைக்கு,

இதை அலுவலக முகவரிக்கு அனுப்பாமல் வீட்டுக்கு அனுப்புகிறேன்.

உன் படிவத்தில் கையொப்பமிட்டு அனுப்பிவிட்டேன். அதில் எழுதியிருப்பது உண்மை. எனக்கு ஒதுக்கிய இடத்தில் "பொறுப்பாளர் 1" என்று எழுதினேன். அதற்குக் கீழே 2 என்று இட்டு ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நொட்டை சாரின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். மூலக் கோப்பு போய்விட்டது என்றேன். கொஞ்ச நேரம் சிரித்தார். "போனா போகட்டும்மா. பிப்ரவரியில எடுத்தப்பவே முழுசையும் அச்சடிச்சு வெச்சுட்டேன். ரெண்டு அட்டைப்பெட்டி நெறைய இருக்கு. எனக்கு எப்பவும் பேப்பர்தான்" என்றார். கையாலேயே கூட்டிப் பார்த்திருக்கிறார். 0.8396.

அப்படியானால் ஏன் இத்தனை நாள் பேசாமல் இருந்தீர்கள் என்று கேட்டேன்.

"யார் வெட்டுனா, யார் என்னை மாட்டிவிட்டான்னு தெரியாமலா? உன் தங்கச்சி படி இறங்கி வந்து ஒரு வார்த்தை சொல்லிடுவான்னுதான் அந்தக் குளிர்ல ரெண்டு மாசம் உக்காந்திருந்தேன். வாசல்லயும் கேட்டுப் பாத்தேன். மக கைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னா. சரி, இன்னிக்கு வேணாம்னு வந்துட்டேன்."

அப்புறம் அவர் குரல் மாறியது. "இப்ப கோப்பையே அழிச்சாச்சுங்கறே. இனிமே பொறுக்க எனக்கு உரிமை இல்லைம்மா" என்றார்.

மறுப்புக் கட்டுரை எழுதி முடித்துவிட்டார். நிறுத்தும் வரி எப்போது, யாரால் நீக்கப்பட்டது என்பதற்கு என் வாக்குமூலம் மட்டும்தான் குறை. உன் ஜூலை 8 கடிதத்தின் நகலையும் கேட்டார். இரண்டையும் அவருக்கு நேற்றே அனுப்பிவிட்டேன். உன்னிடம் முன்கூட்டிச் சொன்னால் என்ன ஆகும் என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டேன். அதனால் இந்த முறை உனக்குப் பின்னால் எழுதுகிறேன்.

இன்னும் ஒரு வாரத்தில் எல்லோரும் படிப்பார்கள். உன் பெயரை அவர் எழுதவில்லை. ஆனால் கோப்பு யாருடையது, பதிவேடு யாருடையது, பதில் கடிதம் யாருடையது என்று தேதிவாரியாக எழுதியிருக்கிறார். வரிசையாகப் படிக்கத் தெரிந்த எவருக்கும் போதும்.

உன் மகளுக்கும் வரிசையாகப் படிக்கத் தெரியும். அதற்கு முன் நீயே சொல்லிவிடு.

அக்கா